வேலையைக் குறைத்துக்கொண்டு பேண்டில் சேரலாமா?

நீங்கள் கேட்டது இது: நண்பர்களின் பாப் ராக் பேண்ட் ஒன்று மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது. சொந்தப் பாடல்கள் ஐந்தாறு வெளியாகியிருக்கின்றன, மாதத்துக்கு இரண்டு மூன்று மேடை கிடைக்கிறது. பேஸ் கிட்டார் வாசித்தவர் விலகிவிட்டதால் உங்களைக் கூப்பிடுகிறார்கள். பார்க்கும் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டு இதில் இறங்கினால் அந்த வாழ்க்கை எப்படி இருக்கும்?

நான் அப்படிப்பட்ட ஒரு பேண்டில் ஏழு வருடம் டிரம்ஸ் வாசித்தேன். பிறகு சில வருடங்கள் மற்ற பேண்டுகளுக்கு மேடை ஒலி பார்த்தேன். நல்ல பேண்டுகள் உடைவதையும், சுமாராகத் தொடங்கிய பேண்டுகள் நிலைத்து நிற்பதையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: மேடையில் நீங்கள் நிற்கப்போவது நாற்பது நிமிடம். பேண்ட் நிற்பதும் உடைவதும் அதற்கு வெளியே இருக்கும் நேரத்தில்தான். பாட்டு உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் யோசிக்கிறீர்கள். பேண்டில் இருக்கும் மற்ற மூன்று பேரோடு சேர்ந்து பெட்டி தூக்க முடியுமா, பணம் பேச முடியுமா, தப்பை முகம் பார்த்துச் சொல்ல முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

ஒரு நிகழ்ச்சி நாளை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டரைக்கு மேடை ஏற வேண்டும் என்றால் மதியம் இரண்டு மணிக்கே ஒத்திகை அறையில் வண்டியில் சாமான் ஏற்றத் தொடங்கியாக வேண்டும். இருப்பதிலேயே கனமானது பெரும்பாலும் பேஸ் ஆம்ப்தான் (பேஸ் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி), அது உங்கள் பங்கு. நான்கு மணிக்கு அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அப்புறம் காத்திருப்புதான். ஏனென்றால் கூட்டம் வரும் முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கும். இரவு கடைசியாக வாசிக்கும் பெரிய பேண்ட் முதலில் செக் செய்யும். முதலில் வாசிக்கும் சின்ன பேண்டுக்குக் கடைசியில்தான் நேரம். இதில் அநியாயம் எதுவும் இல்லை. கடைசியாகச் செக் செய்தவர்களின் சாமான் அப்படியே மேடையில் இருக்கும், கூட்டம் உள்ளே வந்ததும் அவர்கள் வாசிக்கத் தொடங்கலாம். ஆனால் பெரிய பேண்ட் அரை மணி தாமதித்தால் அந்த அரை மணி உங்கள் கணக்கில்தான் கழியும்.

அப்படி ஒரு நாள் எங்களுக்கு மிஞ்சியது பன்னிரண்டு நிமிடம். எல்லாவற்றையும் சொருகி முடித்ததும் கிட்டார் ஆம்பிலிருந்து ஒரு ரீங்காரம். வாசிக்காமல் இருந்தாலும் விடாமல் ஓடியது. சவுண்ட் இன்ஜினியர் கிட்டாரைக் கழற்றச் சொன்னார். கழற்றியும் ஓடியது. வேறு பிளக்கில் மாற்றிப் போட்டோம், ஓடியது. கிட்டார் வாசிப்பவனும் நானும் தரையில் மண்டியிட்டு, கிட்டார் சத்தத்தைக் காலால் மிதித்து மாற்றும் அவன் பெடல் போர்டில் ஒவ்வொரு பெடலாக எடுத்துவிட்டுப் பார்த்தோம். மூன்றாவது பெடலையும் நான்காவதையும் இணைக்கும் விரல் நீளக் கேபிளை நான் லேசாக அழுத்தினேன், சத்தம் நின்றது. விரலை எடுத்தேன், மறுபடி வந்தது. அந்த ஜாக்குக்குள் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. மாற்றுக் கேபிள் எங்களிடம் இல்லை. பெரிய பேண்டின் கிட்டார்காரர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மிச்சமிருந்த நான்கு நிமிடத்தில் இருப்பதிலேயே சத்தமான பாட்டில் ஒரு வெர்ஸ் (சரணம்), ஒரு கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பகுதி), அவ்வளவுதான் வாசித்துப் பார்த்தோம். அன்றிலிருந்து முந்தின நாளே எல்லாக் கேபிளையும் ஒன்றொன்றாகச் சோதித்துப் பையில் போடுவது எங்கள் வழக்கமானது. வளர்ந்து வரும் பேண்டுக்குத் தனியாக டெக்னீஷியன் கிடையாது. அந்த வேலை உங்கள் நான்கு பேர் தலையில்தான்.

டிரம்ஸ் விஷயத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. பல பேண்டுகள் வாசிக்கும் இரவில் ஒரே செட்டை எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். ஸ்நேர் என்ற சின்ன டிரம், சிம்பல் தட்டுகள், கிக் டிரம்மை அடிக்கும் கால் பெடல் இவற்றை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். உங்கள் டிரம்மர் இவற்றைக் கொண்டுபோய் வைத்து, வாசித்து முடித்த பத்து நிமிடத்துக்குள் மேடையைக் காலி செய்கிறாரா என்று கவனியுங்கள். மேடையில் நின்று சிம்பலைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டிருக்கும் டிரம்மரால் அடுத்த பேண்ட் தாமதமாகும். அந்த அரங்கத்தில் அந்த பேண்டை மறுபடி கூப்பிட யோசிப்பார்கள். நேரத்தில் இறங்கும் பேண்ட் என்ற பெயர், நன்றாக வாசிக்கும் பேண்ட் என்ற பெயருக்கு முன்னாலேயே பரவிவிடும்.

சரி, ஒத்திகைக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடிக்கப்போவதும் சலிக்கப்போவதும் இதுதான். வாரத்தில் இரண்டு நாள், மூன்று மூன்று மணி நேரம் என்பது இந்த நிலையில் இருக்கும் பேண்டுக்குக் குறைந்தபட்சம். அவரவர் பகுதியை வீட்டிலேயே பழகிவிட்டு வர வேண்டும். ஒத்திகை அறை நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கேட்பதற்கான இடம். பேஸுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய பொறுப்பு. காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம் விழும் அதே கணத்தில் உங்கள் நோட்டும் விழுந்தால் கூட்டத்துக்கு அது இரண்டு சத்தமாகக் கேட்காது, நெஞ்சில் ஒரே அடியாக விழும். கொஞ்சம் பிந்தினால் பாட்டு நிதானமாக உட்கார்ந்தது போலிருக்கும், முந்தினால் ஓடுவது போலிருக்கும். எது வேண்டும் என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் நீங்களும் டிரம்மரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பாட்டின் வேகத்துக்காக நாங்கள் இரண்டு வாரம் சண்டை போட்டோம். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று காட்டும் மெட்ரோனோமில் 118 என்று நானும், 122 என்று பாடகியும். கேட்கும்போது நான்கு எண் வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 122-இல் வெர்ஸின் கடைசி வரியில் அவளுக்கு மூச்சு எடுக்க இடமில்லாமல் போனது, கோரஸோ பறந்தது. 118-இல் வரி நன்றாக வந்தது, கோரஸ் கனத்துவிட்டது. கடைசியில் பேஸ் வாசிப்பவன்தான் வழி சொன்னான். வேகத்தை 120-இல் வைத்துவிட்டு, வெர்ஸ் முழுக்க அவன் பாதி நோட்டுகளை விட்டுவிட்டான். இடைவெளி கிடைத்ததும் அவளுக்கு மூச்சும் கிடைத்தது. கோரஸில் அவன் முழுதாக உள்ளே வந்தபோது, வேகம் மாறாமலே பாட்டு எழுந்தது. பாப் ராக்கில் வாசிக்காமல் விடுவதும் வாசிப்பில் சேர்த்திதான். நல்ல பேஸ்காரரை நான் அதில்தான் அடையாளம் காண்பேன்.

எல்லா ஒத்திகையையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அறைக்குள் பிரமாதமாக இருந்தது மறுநாள் காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிடப் பெரிய ஆசிரியர் கிடையாது. மேடை அனுபவத்துக்குக் குறுக்கு வழியும் இல்லை. 1960 ஆகஸ்டில் பீட்டில்ஸ் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனபோது அவர்கள் பெரிய பேண்டே கிடையாது. அங்கே கிளப்புகளில் இரவு தோறும் பல மணி நேரம் வாசிக்க வேண்டியிருந்தது. இருந்த பாட்டுகள் போதாமல் புதிது புதிதாகக் கற்றார்கள், ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசித்தார்கள், கவனிக்காத கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கப் பழகினார்கள். அதற்கு அப்புறமும், 1962 ஜனவரி 1 அன்று டெக்கா என்ற ரெக்கார்ட் நிறுவனத்தில் நடந்த தேர்வில் அவர்களை நிராகரித்துவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டு ரிங்கோ ஸ்டார் வந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் வெற்றியைப் பார்ப்பார்கள். நான் டிரம்மர் என்பதாலோ என்னவோ, இரண்டு வருடம் அந்தக் கிளப்புகளில் கூட நின்று வாசித்துவிட்டு வாசலில் விடப்பட்டவரைத்தான் நினைப்பேன். நீங்களும் ஒருவர் விலகிய இடத்துக்குத்தான் போகிறீர்கள். முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். பேண்டிடம் கேட்டுவிட்டு, முடிந்தால் அவரிடமும் கேளுங்கள். இரண்டு கதையும் ஓரளவு பொருந்தினால் நல்லது.

இனி பணம். இதைப் பேசக் கூச்சப்படாதீர்கள். இதில் கூச்சப்பட்டு உடைந்த பேண்டுகள் அதிகம்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் உரிமை தனி, வருமானம் தனி. பதிவில் வாசித்ததாலேயே படைப்பில் பங்கு வந்துவிடாது. ஆனால் நீங்கள் உருவாக்கிய ஒரு பேஸ் வரிதான் அந்தப் பாட்டை அடையாளம் காட்டுகிறது என்றால்? புரோகோல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் பேண்டின் 1967-ஆம் வருடத்துப் புகழ்பெற்ற பாட்டில் இதுதான் நடந்தது. அதன் தொடக்கத்தில் வரும் ஆர்கன் இசையை உருவாக்கி வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். அவர் பெயர் படைப்பாளிகளில் இல்லை. பல பத்தாண்டுகள் கழித்து வழக்கு போட்டார். 2009-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை, இசையின் உரிமையில் அவருக்கு 40 சதவீதப் பங்கை உறுதி செய்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன ஒரு கேள்வி, ஒத்திகை அறையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

இதற்குப் பேண்டுகள் வேறு வேறு வழி பிடித்திருக்கின்றன. ஆர்.இ.எம். பேண்டில் யார் எழுதினாலும் எல்லா உறுப்பினர் பெயரும் போட்டார்கள். கோல்ட்பிளேயிலும் நான்கு பேர் பெயரும் வரும். குயீன் பேண்டில் ரொம்ப காலம் அவரவர் எழுதிய பாட்டுக்கு அவரவர் பெயர்தான். 1989-இல் வந்த ஆல்பத்தில்தான் எல்லாப் பாட்டையும் பேண்டின் பெயரில் போட்டார்கள். அதனால் எந்தப் பாட்டு சிங்கிளாக (தனிப் பாட்டாக) வர வேண்டும் என்று முடிவு செய்யும்போது, யாருக்குப் பணம் போகும் என்ற கணக்கு குறுக்கே வராமல் போனது. என் கருத்து சமப் பங்கின் பக்கம்தான், அதுவும் ஆரம்ப நிலையில். பாட்டை எழுதுபவர் வீட்டில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார், உண்மை. ஆனால் அந்தப் பாட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போவது நான்கு பேரும்தான். எந்த ஏற்பாடானாலும், பாட்டு முடிந்த வாரத்திலேயே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பேண்டின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் அவர் பங்கு என்னாகும் என்பதையும் அதே தாளில் சேருங்கள்.

வருமானத்தைப் பற்றி அதிகம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை முப்பது வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி, அதாவது உரிமைப் பணம், அங்கே கிடையாது. மேடைப் பணம் கைக்கு வரும், ஆனால் வண்டிச் செலவு, ஒத்திகை வாடகை, சவுண்ட் இன்ஜினியர் போக மிஞ்சுவதை நான்காகப் பிரித்தால் பெரும்பாலும் கைச்செலவுக்குத்தான் காணும். நாங்கள் முதல் மூன்று வருடம் பிரிக்கவே இல்லை. எல்லாம் பொதுக் கணக்கில் போய் அடுத்த ஒலிப்பதிவுக்கு ஆனது. ஓரளவு காசு பார்த்தது நிகழ்ச்சி முடிந்ததும் மேஜை போட்டு விற்ற டி-ஷர்ட்டில். மேனேஜர் என்று ஒருவர் வந்தால் வழக்கமாக 15 முதல் 20 சதவீதம் வரை கேட்பார். மொத்த வரவிலா, செலவு போன மிச்சத்திலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ரெக்கார்ட் நிறுவனம் முன்பணம் கொடுத்தால், அது உங்கள் ராயல்டியிலிருந்து கழித்துத் தீரும் வரை உங்களுக்கு வேறு ராயல்டி வராது.

ஆகவே வேலையைப் பாதியாக்குவதற்கு முன்னால், பேண்டிலிருந்து ஒரு பைசா வராமலே ஒன்றரை வருடம் ஓட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் வேலையை விடாமலே முதல் ஆறு மாதம் வாசியுங்கள். அவர்கள் உங்களை மதிப்பவர்கள் என்றால் ஒத்திகை நேரத்தை உங்களுக்காக மாற்றிக்கொள்வார்கள்.

காதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு மணி என்று குறைந்துகொண்டே போய், 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். சின்ன அறையில் டிரம்ஸும் இரண்டு ஆம்பும் சேர்ந்தால் 100-ஐத் தொடுவது சாதாரணம், ஒத்திகையோ மூன்று மணி நேரம். தி ஹூ பேண்டின் பீட் டவுன்ஷெண்ட் செவித்திறன் குறைந்ததையும் காதில் இரைச்சல் கேட்பதையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டினும் காது இரைச்சலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எனக்கு இடது காதில் இருக்கிறது, சிம்பல் பக்கத்துக் காது. இரவில் அறை அமைதியானதும் மெல்லிய விசில் மாதிரி தொடங்கும். தூங்கும் வரை நிற்காது. இசைக்காரர்களுக்கென்றே வரும் காதடைப்பான் சத்தத்தைச் சீராகக் குறைக்கும், இசையை மங்க வைக்காது. முதல் ஒத்திகைக்குப் போகும் முன்னாலேயே அதை வாங்கிவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆட்கள். நீண்ட பயணத்தில், தூக்கம் இல்லாத ராத்திரியில், ஒருவர் விசிலடிக்கும் பழக்கம்கூடப் பெரிய விஷயமாகிவிடும். எங்களிடம் ஒரு விதி இருந்தது: நிகழ்ச்சி முடிந்த இரவில் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. வண்டியில் ஒருவன் "இரண்டாவது பாட்டுல நீ..." என்று ஆரம்பித்தால், "நாளைக்குச் சொல்லுடா" என்று மற்ற மூன்று பேரும் சொல்லிவிடுவோம். மறுநாள் பதிவைக் கேட்டுவிட்டுப் பேசும்போது பாதிக் குறை தானாகக் காணாமல் போயிருக்கும், மீதிப் பாதியைத் திருத்த முடியும். நிகழ்ச்சிக்கு மறுநாள் ஒரு வெறுமை வரும், அதற்கும் தயாராக இருங்கள். முந்தின இரவு முந்நூறு பேர் உங்களோடு சேர்ந்து பாடியிருப்பார்கள். காலையில் அலுவலகத்தில் அதைச் சொல்லிக்கொள்ள ஆள் இருக்காது. அந்த நேரத்தில் உங்களுக்கு வரும் முதல் மெசேஜ் பேண்டில் இருக்கும் யாரோ ஒருவரிடமிருந்து என்றால், சரியான ஆட்களோடு இருக்கிறீர்கள்.

கூட்டமே வராத இரவுகளும் இருக்கும். 1978-இல் தி போலீஸ் பேண்ட் முதல் தடவை அமெரிக்கா போனபோது வேனில் ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்னக் கிளப்புகளில் வாசித்தார்கள். சில இடங்களில் கூட்டம் கைவிரலுக்குள் அடங்கியது. நாங்கள் ஒரு மழை நாளில் ஒன்பது பேருக்கு வாசித்தோம், அதில் இரண்டு பேர் அரங்கத்தின் ஊழியர்கள். பாடகி இறங்கிவந்து மேடைக்கு முன்னால் தரையில் நின்று பாடினாள். பாட்டுப் பட்டியலிலிருந்து ஒன்றைக்கூட நாங்கள் குறைக்கவில்லை. நான் வாசித்த இரவுகளில் இன்றும் துல்லியமாக நினைவிருப்பது அதுதான். எட்டு மீட்டர் தூரத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு, என் கிக் விழும் ஒவ்வொரு முறையும் தலையை அசைத்துக்கொண்டிருந்தார்.

பதில் சொல்வதற்கு முன் இரண்டு ஒத்திகைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கும் சும்மா போய் உட்காருங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், கேபிள்களைச் சுற்றி வைப்பது யார், கூட்டத்தோடு படம் எடுக்கப் போய்விடுவது யார் என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் சுற்றுகிறார் என்றால், முன்பு இருந்த பேஸ்காரர் ஏன் போனார் என்பது உங்களுக்கே புரிந்துவிடலாம். அது சரியாக இருந்து, நீங்களும் சேர்வதாக முடிவு செய்தால், மேடையில் டிரம்ஸின் ஹை-ஹாட் (ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் ஜோடிச் சிம்பல்) இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் டிரம்மரின் கையும் முகமும் தெளிவாகத் தெரியும். வாசிப்பவர்களுக்கென்று மேடையில் வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டரில் எதுவுமே கேட்காமல் போகும் இரவில் அதைப் பார்த்தே வாசித்துவிடலாம்.